கப்டனின் செத்த வீடு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்குப் பூமிசாத்திரம் படிப்பித்தது, களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்தான். மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுக்க நிலக்கீழ் அறை, ஆபிரிக்காவில் லோமேயில் மலேரியா, பிராங்பேர்ட்டில் ரயில் நிலைய வாங்கில் படுக்கை. அப்படி வந்து சேர்ந்தவனுக்கு, மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டில் இலை கூட்டுவதும் பனி தள்ளுவதும் அரசாங்க உத்தியோகம் மாதிரி இருந்தது. அவரை மடாம் என்று கூப்பிடுவேன்.

அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். கீழே மடாம், மேல்மாடியில் படுத்த படுக்கையாக அவருடைய புருசன் கப்டன். படியில் சத்தம் போட்டால், "கப்டனுக்குப் பிடிக்காது" என்பார். பாண் வாங்கி வந்தால், "கப்டன் இதைவிட நன்றாகச் சுடுவார்" என்பார். பனியில் அவருடைய கால்விரல்கள் போய்விட்டன என்றும் சொல்லியிருந்தார். பாவம் மனுசன் என்று, வேலை தொடங்குமுன் படியடியில் நின்று, "பொன்ஜூர், கப்டன்!" என்று மேலே பார்த்துச் சொல்வேன். மடாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். என் மரியாதை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மடாமுக்கு இருந்த ஒரே உறவு, நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் ஒரு தம்பி. அவருக்கும் கப்டனுக்கும் ஆகாது. ஒருமுறை மடாம் தந்துவிட்ட அப்பிள் ஜாமை நான் கொண்டுபோனபோது, "அந்த ஓடுகாலி அங்கே இருக்கும்வரை அக்காவின் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன்" என்று கதவைச் சாத்தினார். மச்சான்மார் சண்டையாக்கும் என்று விளங்கிக்கொண்டேன். திரும்பி வந்த ஜாம் போத்தல் மாதக்கணக்கில் ஜன்னலிலேயே இருந்தது. மடாம் அதைத் திறக்கவுமில்லை, எறியவுமில்லை.

ஒரு நவம்பர் காலை மடாம் கறுத்த உடுப்போடு கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது. உள்ளே மெழுகுதிரி எரிந்தது.

"இன்று கப்டனின் நாள். தம்பியைக் கூப்பிட்டேன். வரமாட்டானாம்."

நான் தொப்பியைக் கழற்றினேன். செத்த வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர்தான் சோறு கொண்டுபோக வேண்டும். அவருக்கு அயல் என்று நாங்கள்தானே? என்னோடு அறையில் இருந்த இரண்டு பேருக்கும் போன் எடுத்தேன். ஒருவர் மட்டக்களப்பார், ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை. மற்றவர் யாழ்ப்பாணத்தார், டாக்சி ஓடுகிறவர்.

"மச்சமில்லாமல், மரக்கறி மட்டும் சமையுங்கோ, அண்ணை" என்றேன்.

"எனக்குப் படிப்பிக்காத, மனே. எத்தன சனம்?" என்றார் மட்டக்களப்பார். மகனே என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"ஒருத்தருமில்லை. அதுதான் பாவம்."

"அப்ப பெரிய சட்டியிலயே வைக்கன். சோத்தக் கண்டாச் சனம் வரும்."

தம்பி வரமாட்டாராம் என்று சொன்னதும் டாக்சிக்காரர் கொதித்துப்போனார். "நல்லதுக்குத்தான் சொல்லவேணும். கெட்டதுக்குக் கேள்விப்பட்டவுடனை வரவேணும். செத்த வீட்டிலையும் கோவமோ? பொறு, நான் போய் ஏத்திக்கொண்டு வாறன்." என்னிடம் விலாசத்தை வாங்கிக்கொண்டு அப்படியே கர்க்லாண்டுக்கு டாக்சியை விட்டார்.

மத்தியானம் மட்டக்களப்பார் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டின் இரும்புப் படியில் ஏறினார். பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் என் கையில். மடாம் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"உடம்ப ஒருக்காப் பாத்துக் கும்பிடுவம். கேள், மனே" என்றார் மட்டக்களப்பார்.

கேட்டேன். மடாம் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு மேலே கூட்டிப்போனார். அங்கே கட்டில் இல்லை. சுவரில் ஒரு படம்: நீலக் கோட்டு, பின்னிய வெள்ளை முடி, சிவந்த மூக்கு.

"இவர் எப்ப மோசம் போனவர்?" என்றார் மட்டக்களப்பார். அதையும் கேட்டேன்.

"இருநூறு வருசத்துக்கு மேலே" என்றார் மடாம். என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே தரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார்.

சிரித்து முடித்துக் கதையைச் சொன்னார். கப்டன் அவருடைய முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவுக்குக் கீழே இருந்த காலத்தில் அங்கே பிறந்தவர். முதல்தரம் ராஜாவின் படையோடு, பிரெஞ்சுக்காரரிடமிருந்து மொன்றியலைப் பிடிக்க வந்தார். பிறகு அமெரிக்கர் ராஜாவோடு முறிய, கப்டனாகி, அதே மொன்றியலை ராஜாவிடமிருந்து பிடிக்க வந்தார். விரல்கள் போனது அப்போதுதான். படை திரும்பியபோது அவர் திரும்பவில்லை. ஒரு விதவையின் பேக்கரியில் மாச்சாக்குகளுக்குப் பின்னால் ஒளித்திருந்து, அவளையே கட்டி, சாகும்வரை பாண் சுட்டார். மடாமுக்கு அவர் ஞானி. தம்பிக்கு அவர் குடும்பத்தின் மானத்தை வாங்கியவர்.

நான் தமிழில் சொன்னதைக் கேட்டு மட்டக்களப்பார் படத்தை நெருங்கிப் பார்த்தார். "ரெண்டு இயக்கத்திலயும் நிண்டு, கடைசியில குசினி வேலை. நம்மட ஆள்தான், மனே! இது செத்த வீடில்ல, திவசம். மரக்கறிதானே, பிழையில்ல." உடனே ஒரு தட்டில் எல்லாம் வைத்துக் கப்டனுக்குப் படைத்தார்.

அப்போதுதான் டாக்சி ஞாபகம் வந்தது. பதறிப்போய்ப் போன் எடுத்தேன்.

"கிட்ட வந்திட்டம். ஆள் அழுதுகொண்டு வாறார்" என்றார் டாக்சிக்காரர்.

"அண்ணை, அவரிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"அக்கா வீட்டிலை செத்த வீடு எண்டன். ஆர் எண்டு வாசலிலை வைச்சுச் சொல்லுறதே?"

தம்பி வீட்டுச் செருப்போடு, கோட்டில்லாமல், படிமுழுக்கத் தடுக்கி ஏறி வந்தார். மடாம் கையில் சோற்றுத் தட்டோடு கதவைத் திறந்தார்.

"நீ சாகவில்லையா?"

"சாப்பிடுகிறேன்."

தம்பி அவரைத் தட்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். சொதி இரண்டு பேரின் முதுகிலும் ஓடியது. பிறகுதான் கத்தினார். எங்களை, மடாமை, கப்டனை. "ஓடுகாலி" என்ற சொல் பலதரம் வந்தது.

"ஓடாமல் இஞ்சை வந்தவன் ஆர்?" என்றார் டாக்சிக்காரர். நல்லகாலம், தமிழில்.

மட்டக்களப்பார் தம்பியைக் கதிரையில் இருத்தி, கப்டனின் தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "படைச்சத வீட்டு ஆக்கள்தான் தின்னணும். சொல்லு, மனே."

சொன்னேன். தம்பி தட்டைப் பார்த்தார், மேலே பார்த்தார். தம்பி கையாலேயே ஒரு வாய் அள்ளினார். உறைப்பில் முகம் சிவந்தது. பிறகு இன்னொரு வாய்.

"உப்புக் குறைவு" என்றார்.

மட்டக்களப்பார் தொடையில் தட்டினார். "இப்பதான்கா சொந்தக்காரன் மாதிரிக் கதைக்கான்!"

மடாம் எழும்பிப் போய், ஜன்னலில் இருந்த ஜாம் போத்தலைத் திறந்தார்.