பூசத்து வாரத்தில் குறித்த பிளேன் சோதனை

விமானப் பெட்ரோலும் கோப்பியும் கலந்த வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது... எங்கள் தீவின் விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில், சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வருடம்.

சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். கெடு தாண்டினால் பறக்கக் கூடாது. அந்தத் தேதிகளைக் குறிப்பது என் வேலை. நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா! போன வருடக் காலண்டரைப் பார்த்து அதே வாரங்களை அப்படியே பட்டறை போர்டில் எழுதிவிட்டேன். ஐந்தே நிமிடம்.

தைப்பூசம் வருடா வருடம் நகரும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமம் கணேசன் அண்ணன் ஒருவருக்குத்தான் இருந்தது. காவடி எடுப்பவர். போர்டைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, பூசத்து வாரத்துல பல் டாக்டர் பிளேனைப் போட்டிருக்க? நான் லீவாச்சே."

"ரெண்டு நாள் மட்டும் வாங்கண்ணே, ப்ளீஸ் லா..."

"ஒரு வேளை சாப்பாட்டுல விரதம் இருக்கிறவன் இஞ்சினைப் பிரிச்சிக் கையெழுத்துப் போடக் கூடாதும்மா. மேல பறக்கிறது மனுஷன்."

முந்தைய வாரங்களும் நிரம்பியிருந்தன.

அந்தச் சீனப் பல் டாக்டர், தன் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளன்று அவரை லங்காவித் தீவுக்குப் பறந்து கூட்டிப்போக இருந்தார். அப்பாவுக்கே சொல்லவில்லை. கெடுவோ பிறந்தநாளுக்கு முதல் நாளே முடிகிறது. வேலை போய்விடும் என்ற நடுக்கத்தோடு டாக்டருக்கு ஃபோன் செய்து, அன்று பறக்க முடியாது என்று சொல்லி, மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மலாயில் பொரிந்து தள்ளினார். முதலாளியிடமே பேசிக்கொள்கிறேன் என்றார்.

பின்னால் யாரோ அதட்டினார்கள். ஃபோன் கை மாறியது. அவருடைய அப்பா! மளிகைக்கடை நடத்தி நம் ஆட்களோடு பழகியவர், தமிழிலேயே கேட்டார்.

"தங்கச்சி, எந்த நாளு?"

சொன்னேன்.

"அன்னிக்குப் பூசத்துக்கு சாமி வெள்ளித்தேர் வருது லா! தேர் முன்னால உடைக்க நூறு தேங்கா சொல்லி வச்சிருக்கேன். உடைக்காம பிளேன்ல போவேனா? இவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் போலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. ஃபோனை வைத்துவிட்டு அழுதேன், சிரித்தேன்...

பூசம் முடிந்து, வயிறாரச் சாப்பிட்டுத் தெம்பாக வந்த கணேசன் அண்ணன் சோதனையை முடித்தார். பெரியவர் மகனோடு லங்காவிக்குப் பறந்தார். திரும்பி இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, வழியில் பாலிக் புலா ஊருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினோம் என்று கையை வீசிக் காட்டினார். டாக்டர் ஒரு பை இனிப்பு ஜாதிக்காய் ஊறலை என் மேசையில் வைத்து, கோபப்பட்டதற்கு மன்னிக்கச் சொன்னார்.

இப்போதும் அதே வேலைதான். கெடு நெருங்கினால் கணினியே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பிவிடுகிறது. பூசம், சீனப் பெருநாள் எல்லாம் அதற்கு அத்துப்படி. தவறே நடப்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் பாருங்கள்... ஒரு விமானச் சொந்தக்காரரின் குரல்கூட இப்போது எனக்குத் தெரியாது. திட்டுவதற்காவது யாராவது கூப்பிடலாம்.