பதினோராவது கைநாட்டு

வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்தபடி பெரியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எதிரே மை டப்பாவுடன் நான் நின்றிருந்தேன்.

நர்ஸ் வேலையை விட்டபின், விருதுநகரில் ஒரு பழைய மிளகாய்க் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, கவனிக்க ஆளில்லாத முதியவர்கள் பதினொரு பேரைப் பராமரித்து வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், இத்தகைய விடுதிகளுக்கு அரசாங்க உரிமம் வேண்டும் என்றார்கள். இல்லையேல் மூட வேண்டும். ஜன்னல் வைத்தேன், கழிப்பறை கட்டினேன். மிச்சமிருந்தது, ஒவ்வொருவரும் சம்மதித்துத்தான் தங்கியிருக்கிறார் என்பதற்கான பதிவேடு. பத்துப் பேர் கைநாட்டு வைத்துவிட்டார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் விவசாயம் செய்த இந்தப் பெரியவர் மட்டும் மறுத்தார்.

"ஒருக்கா வச்சேன் தாயி, தம்பி மகன் நீட்டுன தாள்ல. நெலமும் போச்சு, வீடும் போச்சு. இனி போறதுக்கு இந்த மூலைதான் மிச்சம்."

அதிகாரி வரவேண்டிய காலையில், பதிவேட்டில் அவருக்கான கட்டத்தில் என் விரலையே பதித்துவிடலாமா என்று தோன்றியது. மையில் தோய்த்தும்விட்டேன். மனம் வரவில்லை, துடைத்துக்கொண்டேன்.

வந்தவர் மிளகாய் நெடியில் ஓயாமல் தும்மினார். காலிக் கட்டத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினார். "ஒரு ஆள் குறைஞ்சாலும் உரிமம் தர முடியாதும்மா."

பெரியவர் மறுத்த காரணத்தைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் பெரியவர் அருகே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சுக் காட்டினாங்களா, ஐயா?"

"இல்லீக."

எனக்குச் சுருக்கென்றது. வைக்கச் சொன்னேனே தவிர, படித்துக் காட்டவில்லை.

அவர் வரி வரியாகப் படித்து விளக்கினார். "உங்க சம்மதம் இல்லாம, இந்த அம்மாவே நினைச்சாலும் உங்களை வெளியே அனுப்ப முடியாது" என்ற இடத்தில் பெரியவர் கையை உயர்த்தினார்.

"அதை இன்னொருக்கா படிங்க."

மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. பிறகு விரல் விரிந்தது. அழுத்திப் பதித்துவிட்டு, "இன்னொரு தாள் இருந்தாலும் கொண்டாங்க, வைக்கிறேன்" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே தும்மினார். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தேன். அதன்பின் இன்றுவரை, படித்துக் காட்டாமல் யாரிடமும் நான் கைநாட்டு வாங்கியதில்லை.

இரண்டு ஆண்டுகளாக அவர் தன் துணிகளை மூட்டையாய்க் கட்டித் தலைமாட்டிலேயே வைத்திருந்தார், எந்நேரமும் கிளம்பத் தயாராக. அன்று மாலை கொடியில் அவருடைய இரண்டு வேட்டிகளும் காய்ந்தன. பக்கத்தில், மூட்டை கட்டிய துணியையும் துவைத்துப் போட்டிருந்தார்.