நீதி சொன்ன பிள்ளை

எங்கள் அப்பா பிள்ளைகளை அடித்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் மற்ற வீடுகளில் கூரை இடுக்கில் ரோத்தான் பிரம்பு செருகியிருக்கும். எங்கள் வீட்டில் கதை இருந்தது. கிராணி வீட்டுப் பிள்ளைகள் சத்தம் காட்டாமல் வளர்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் மெச்சிக்கொள்வார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் சொல்கிறேன், ரோத்தானே மேல்.

அப்பா கூட்ஸ் ஷெட்டில் கிராணி, கணக்கெழுதிவிட்டு மாலையில் வருவார். குளித்து, திருநீறு பூசி, பொழுது சாயும் முன்பே எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்துவிடுவார். பாதிச் சோற்றில் கதை தொடங்கும். நான் அம்மாவுக்குத் தெரியாமல் டின்பாலை விரலால் வழித்துத் தின்ற அன்று, கதையில் ஓர் எறும்பு டின்பாலில் விழுந்து செத்தது. அண்ணன்மார் இருவரும் அந்த வாரம் முழுக்க என்னை எறும்பு என்றே கூப்பிட்டார்கள். அம்மா அடுத்த வீட்டில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டு வந்த நாளில், வேலி தாண்டி மேயும் கோழி ஒன்று வந்தது. அம்மா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மகளுக்குச் சொல்வதுபோல் மருமகளுக்குச் சொல்வது என்பார்களே, அந்தச் சாடைப் பேச்சுக்கு அப்பா காட்டிலுள்ள அத்தனை ஜீவன்களையும் வேலைக்கு வைத்திருந்தார். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். கதையை எதிர்த்து என்ன பேசுவது? நான் கோழி இல்லை என்றா?

கதையின் முடிவை மட்டும் அவர் சொல்ல மாட்டார். நிறுத்திவிட்டு, நீதி என்ன என்று எங்களைக் கேட்பார். முதலில் சொல்கிறவருக்கு அவர் தட்டிலிருந்து பொரித்த மீன் துண்டு கிடைக்கும். அநேகமாக அது எனக்குத்தான். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். அண்ணன்மார் மென்றுகொண்டிருப்பதை விழுங்குவதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். மீனைவிட, அப்பா "என் தங்கம்" என்று தலையைத் தொடுவதற்காகவே சொல்வேன். யாரைப் பற்றிய கதை, யாருக்கு வலிக்கும் என்றெல்லாம் யோசித்ததில்லை.

அக்கா எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். எனக்குத் தலை பின்னிவிட்டது, சளி சிந்திவிட்டது எல்லாம் அவள்தான். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல சம்பளம், தனி வீடு, மாமியார் தொல்லை கிடையாது என்று அம்மாவுக்குப் பெருமை. மாமியார் இருந்திருந்தால் தடுப்பதற்காவது ஓர் ஆள் இருந்திருக்கும் என்று பின்னால் அம்மாவே சொல்லி அழுதாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் பகலில் கிள்ளான் ரயிலில் அக்கா தனியாக வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிமூட்டை. வெயில் காலத்தில் மணிக்கட்டு வரை நீண்ட ரவிக்கை போட்டிருந்தாள். அடுப்படியில் ரவிக்கைக் கையைச் சுருட்டி, கன்றிப்போன இடங்களை அம்மாவிடம் காட்டினாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், பார்த்தேன். குடித்தால் அவர் மனுஷனாக இருப்பதில்லை என்றும், குடிக்காத நாள் குறைவு என்றும் அக்கா சொன்னாள். இனி அங்கே போகமாட்டேன் என்றாள். அம்மா அவள் கையில் விளக்கெண்ணெய் தடவினாள். அப்பா வரட்டும் என்று மட்டும் சொன்னாள்.

அப்பா வந்ததும் அம்மா கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அக்காவைப் பார்த்து, வந்தாயா என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அக்காதான் எல்லோருக்கும் பரிமாறினாள். பாதிச் சோற்றில் கதை தொடங்கியது.

ஒரு மைனாவுக்குத் தென்னைமரத்தில் கூடு அமைந்ததாம். காற்றடித்தால் தென்னை ஆடத்தானே செய்யும்? மைனா பயந்துபோய், பிறந்த கூட்டுக்கே பறந்து வந்துவிட்டதாம். பழைய கூட்டில் இன்னும் இறகு முளைக்காத குஞ்சு ஒன்று இருந்தது. மைனா வந்து உட்கார்ந்த பாரத்தில் கிளை வளைந்தது. குஞ்சு விளிம்புக்குச் சரிந்தது. இவ்வளவு சொல்லிவிட்டு அப்பா நிறுத்தினார்.

"நீதி என்ன?"

"ஆடுற மரமா இருந்தாலும் அவங்கவங்க கூட்டுலதான் இருக்கணும்" என்றேன்.

அப்பா மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அப்போது அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, அடுத்த தட்டுக்குப் போனாள். அந்த மீனை நான் தின்றேன். முள்ளைத் துப்பிவிட்டு விரலையும் நக்கினேன்.

மறுநாள் காலையில் அக்கா மூட்டையைக் கட்டினாள். அம்மா ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தாள், முருங்கைக்காயைக் கொடுத்தாள், போகாதே என்பதை மட்டும் கொடுக்கவில்லை. அப்பா வழக்கத்துக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். போ என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கதையில் இருக்கிற சௌகரியமே அதுதான். பெற்ற மகளை வீட்டைவிட்டு அனுப்பலாம், அனுப்பியதாகவும் இருக்காது.

நாலைந்து மாதம் கழித்து, காப்பார் பக்கம் போய்வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஒருவர் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அக்கா கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறாள். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்ததாக அவள் வீட்டுக்காரர் சொல்கிறார். அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, அப்படியே கை கழுவினார். கதை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கச் சொல்லவில்லை. என் தட்டில் மீன் வந்து விழாததுதான் எனக்கு முதலில் உறைத்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். துணைக்குப் பெண்பிள்ளை இருந்தால் அக்கா தயங்காமல் கிளம்புவாள் என்பது அம்மாவின் கணக்கு. "என்ன பண்ணுவீங்களோ தெரியாது, எம் புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்திடுங்க" என்று வாசல்வரை வந்து சொன்னாள். கிள்ளான் வரை ரயில். அங்கிருந்து மாட்டுவண்டி. வழியெல்லாம் அப்பா வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அத்தான் எங்களை மிகவும் மரியாதையாக வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இளநீர் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்களைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அக்கா ஒற்றைக் கையால் அடுப்பு வேலையைச் செய்துகொண்டிருந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள ஓடினேன். கட்டுப் போட்ட கை நடுவில் வந்தது.

மாப்பிள்ளை முன்னால் நேருக்கு நேர் பேசிப் பழகிய வாய் இல்லை அப்பாவுடையது. மகளிடமும் அப்படித்தான். அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தார். ஒரு கிழட்டு மைனா தூக்கம் இல்லாமல் தவித்ததாம். கிளை வளைந்தது என்று அது நினைத்தது பொய்யாம். கிளை உறுதியாகத்தான் இருந்தது, மனசுதான் வளைந்துவிட்டதாம். அதனால் அது ஆற்றைத் தாண்டி, தென்னைமரத்தைத் தேடிப் பறந்து வந்ததாம். அங்கங்கே இருமிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து நிறுத்தினார்.

"நீதி என்னம்மா?"

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அதெல்லாம் சொல்ல வராதுப்பா. தங்கச்சியக் கேளுங்க. அவதான் சரியா சொல்லுவா."

அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இருந்ததாகத் தோன்றவில்லை. நான் சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பாளோ என்றுதான் தோன்றுகிறது. அவளாக வர அவளுக்கு வழி இல்லை. யாராவது வாய்விட்டுக் கூப்பிட வேண்டும், அதுவும் அத்தான் காதுபட. அத்தான் சிரித்தபடி என் பக்கம் திரும்பி, சொல்லும்மா, கேட்போம் என்றார். அவர் பல்லையும், நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தேன்.

"தெரியல்ல" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அக்கா, சின்னப் பிள்ளைதானே என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போனாள்.

இளநீரைக் குடித்துவிட்டு நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். கிள்ளான் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா, "நானே கூப்பிட்டிருக்கலாம்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. வாசலில் நின்றிருந்த அம்மா எங்கள் பின்னால் மூன்றாவது ஆள் வருகிறாளா என்று தெருவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் சாகும்வரை அக்கா அந்த வீட்டில்தான் இருந்தாள். என் கல்யாணத்துக்கு வந்தாள், என் பிரசவத்துக்கு வந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. இதை யாரிடம் சொன்னாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. 'வீட்டுக்கு வா அக்கா' என்ற மூன்று வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. அது அக்காவுக்கும் தெரியும்.