ஆணியில் தொங்கிய கோப்பை

என் மேசையில் பேனாக்களை நிறுத்தி வைக்க ஓர் எனாமல் கோப்பை இருக்கிறது. வெள்ளை நிறம், நீல விளிம்பு. அடியில் ஒரு சில்லு பெயர்ந்து கறுத்திருக்கிறது. பிடியில் முடிச்சுப் போட்ட நூல் ஒருகாலத்தில் சிவப்பு. இப்போது அதற்கு நிறம் என்று ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளைகள் அதை வீசச் சொல்கிறார்கள். நான் விடுதிகளுக்கு அனுமதி வழங்கும் அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். கையேற்ற பொருளைத் திருப்பி ஒப்படைக்காதவனுக்கு எந்தக் கடிதம், எத்தனை பிரதிகளில் அனுப்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கோப்பையை நான் திருப்பி ஒப்படைக்கவில்லை.

இதைக் கொடுத்தவரை எல்லோரும் ஆயம்மா என்றுதான் அழைத்தோம். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும் லயம் எனும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் அவர் இருந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பி குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. அங்கே போக ஆயம்மா போட்ட விண்ணப்பம் மட்டும் ஏதோ ஒரு கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசி அது. அட்டன் ரயில் நிலையத்தில் முதுகில் மூட்டையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக இறங்கத் தொடங்கியிருந்தார்கள். சிவனொளிபாத மலை ஏற வந்தவர்களுக்கு மலிவாகத் தூங்க ஓரிடம் இல்லை. பங்குச் சாமியார், தேவாலயத்துக்குச் சொந்தமாக மேட்டில் பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்து ஆயம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். தற்காலிக அனுமதி மூன்று மாதத்துக்கு. பரிசோதகர் வந்து பார்த்து நிரந்தர அனுமதி கொடுத்தால் அவர் அங்கேயே இருந்து நடத்தலாம். இல்லையென்றால் வீடு மறுபடியும் பூட்டப்படும். அப்படிப் பூட்டினால் போக ஆயம்மாவுக்கு வேறு கூரை கிடையாது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த கையோடு ஆபீஸ் வேலையை இழந்து, இங்கிலீஷும் நல்ல கையெழுத்தும் மட்டும் கைவசம் வைத்திருந்த என்னைச் சாமியார் எழுத்து வேலைக்குப் பிடித்துப் போட்டார். வந்தவர் பெயர், பாஸ்போட் இலக்கம், வந்த திகதி, போகும் திகதி, கையொப்பம். பொலிஸுக்கு ஒரு பிரதி. அந்தப் பதிவேட்டில் நான் ஓர் அடித்தலைக்கூட அனுமதித்ததில்லை.

மற்றதெல்லாம் ஆயம்மா. தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த கட்டில்கள், பீப்பாயில் கொதிக்கும் வெந்நீர், அடுப்புக்கு மேலே கொடியில் வரிசையாகத் தொங்கும் ஈரக் காலுறைகள். ஒரேயொரு கக்கூசின் முன்னால் ஐரோப்பாவின் பாதி காலையில் வரிசையில் நிற்கும். ரொட்டியும் சம்பலும் உறைப்பில் மூக்கைச் சிந்த வைக்கும், இன்னொன்று கேட்பார்கள். அட்டை கடித்த கால்களைத் தன் மடியில் இழுத்து வைத்துச் சுண்ணாம்பு தடவுவார். ஆறடி உயர ஜெர்மன்காரனுக்கும் அதே அதட்டல்: "ஆட்டாத, காலை நீட்டு." அவனுக்கு எப்படியோ புரிந்துவிடும்.

பிள்ளைக்காம்பராவிலிருந்து அவர் ஒரு பழக்கத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பை, அதன் பிடியில் ஒரு நிற நூல், சுவரில் ஓர் ஆணி. தாய் வந்து பிள்ளையைத் தூக்கும்போது நூலை அறுத்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். விடுதியிலும் அதே முறை. வந்தவுடன் கோப்பை, நூல், ஆணி. மாலை ஆறு மணிக்குத் தேநீர். அப்போது ஆணியில் எது தொங்குகிறதோ அந்தப் பிள்ளை இன்னும் வெளியே. விடைபெறும்போது கோப்பையைக் கையில் கொடுக்க வேண்டும். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். எனக்கும் ஒன்று கொடுத்தார். "நானென்ன புள்ளையா, ஆயம்மா?" என்றேன். "இந்தக் கூரைக்குள்ள தண்ணி குடிக்கிற ஆளுதானுங்களே, கிளாக்கரய்யா" என்றார். பதிவேடு இருக்கும்போது இந்தப் பொம்மை விளையாட்டு எதற்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சிரித்தவனின் ஒழுங்கைச் சொல்கிறேன். அதிகாலை ரயிலில் போகிறவர்கள் கையொப்பமிட நான் ஐந்து மணிக்கே குளிரில் மேடேறி வரவேண்டும். எனவே முதல்நாள் மாலையே மறுநாள் திகதியைப் போட்டுக் கையொப்பம் வாங்கிவிடுவேன். பதிவேடு அழகாக இருந்தது. நானும் ஏழு மணிவரை தூங்கினேன்.

மூன்றாம் மாதம் ஒரு பிற்பகல், பரிசோதகர் வந்தார். கறுப்புச் சப்பாத்து, மடித்த குடை, அதிகம் பேசாத சிங்கள மனிதர். கக்கூஸ், கட்டில், அடுப்பங்கரை எல்லாம் பார்த்துவிட்டுப் பதிவேட்டின் முன் உட்கார்ந்தார். மூன்று மாதப் பக்கங்களையும் புரட்டி, "நல்ல வேலை" என்று தமிழிலேயே சொன்னார். பேனா மூடியைத் திறந்தார். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணி. உள்ளே பிள்ளைகள் தேநீருக்கு வந்தார்கள். ஆயம்மா சுவரைப் பார்த்தார்.

"மஞ்ச நூலு தொங்குதுங்க."

மஞ்சள் நூல் ஒரு டச்சுப் பெண்ணுடையது. முதல்நாள் மாலை என்னிடம் கையொப்பமிட்டவள். பதிவேட்டின்படி அவள் அப்போது கொழும்பில் இருந்தாள்.

"அது காலையிலேயே போயிருச்சு, ஆயம்மா. கோப்பையக் குடுக்க மறந்திருக்கும்" என்றேன் மெதுவாக. குரல்தான் மெது, கண்ணால் கெஞ்சினேன். பரிசோதகர் கையொப்பமிட இன்னும் ஒரு வரிதான் பாக்கி. அந்த வரியின் பொருள் என்னைவிட ஆயம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பரிசோதகரின் முன்னால் நின்றார்.

"மாத்தயா, புஸ்தகத்துல கையெழுத்துதான் போயிருக்குங்க. புள்ள போகல. மூட்ட உள்ளயே கெடக்கு."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடினார்.

அதன் பிறகு அங்கே நடந்த எதுவும் எந்த நடைமுறையிலும் இல்லை. ஆயம்மா பக்கத்து லயத்துக்கு ஆளனுப்பினார். விடிகாலைப் பெரட்டில் வேலைக்கு ஆட்களைக் கூட்டத் தப்படிக்கும் மனிதர் தப்பு மேளத்தோடு வந்தார். பின்னால் பத்துப் பேர். பெயரைச் சொல்லிக் கத்தப் போனவர்களை ஆயம்மா தடுத்தார். "கத்தாதீங்கப்பா, மலையில சத்தம் நாலு பக்கமும் சுத்தும். தப்பு ஒரே எடத்துல நிக்கட்டும். மூணு அடி, அப்புறம் சும்மா இருந்து காதக் குடுங்க." மூன்று அடி, மௌனம். மூன்று அடி, மௌனம். நாலாவதோ ஐந்தாவதோ மௌனத்தில் கீழேயிருந்து ஒரு விசில் கேட்டது. தேயிலைக்குள் ஓடும் தண்ணீர்க் கான் ஒன்றில் விழுந்து கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாள். ரயிலைத் தவறவிட்டவள், நாளை போகலாம் என்று மலையைப் பார்க்கப் போனாளாம். முழுதாக இருட்டுமுன் தூக்கி வந்துவிட்டார்கள்.

பரிசோதகரும் கூடவே இறங்கியிருந்தார். திரும்பியபோது அவர் சப்பாத்துக்குள் நான்கு அட்டைகள். "ஆட்டாதீங்க மாத்தயா" என்று சுண்ணாம்பு தடவி, பச்சை நூல் கட்டிய கோப்பையில் தேநீர் கொடுத்தார் ஆயம்மா. குடித்து முடித்து அவர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார், நூல் அறுக்கப்பட்டது. அனுமதி மட்டும் கிடைக்கவில்லை. பொய்ப் பதிவுள்ள விடுதிக்குத் தன்னால் கையொப்பமிட முடியாது என்றார். அவர் சொன்னது சரி. அன்றிரவே விதிப் புத்தகத்தை விரித்தேன்.

விதிகளில் ஒரு வழி இருந்தது. தவறு செய்த ஊழியரை நீக்கிவிட்டதாக நடத்துபவர் எழுதிக் கொடுத்தால் மறுபரிசீலனை செய்யலாம். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த கடிதம் அதுதான்: என்னைப் பொறுப்பற்றவன், சோம்பேறி என்று ஆயம்மா சார்பில் நானே சாடி நீக்கினேன். அவருக்கு வாசித்துக் காட்டினேன். "இம்புட்டுத் திட்டணுமாங்க?" என்றார். "உண்மைதானே, ஆயம்மா" என்றேன். எழுத்துக் கூட்டிக் கையொப்பமிட்டார். ஒரு வாரம் கழித்துப் பரிசோதகர் வந்து கடிதத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், இரண்டிலும் இருந்த ஒரே கையெழுத்தைப் பார்த்தார். "போனவர் அழகா எழுதியிருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அனுமதியில் கையொப்பமிட்டார்.

அன்று என் கோப்பையை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினேன். ஆயம்மா வாங்கவில்லை. "கடுதாசிலதானுங்களே போயிருக்கீங்க. நெசமாப் போறப்போ குடுங்க." மறுநாளிலிருந்து, நீக்கப்பட்ட நான், ஐந்து மணிக்கு மேடேறினேன். பின்னால் பரிசோதகரின் அலுவலகத்திலேயே எனக்கு வேலை கிடைத்தபோதும் மாலைத் தேநீர் அங்கேதான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மூட்டை சுமந்தவர்கள் வரவில்லை. ஆணிகளில் தூசி படிந்தது. அந்த நேரம் பார்த்து, உறங்கிய கோப்பு கண் விழித்தது. ஆயம்மாவுக்குக் கப்பல் வந்தது. அவர் மூட்டை கட்டிய அன்று கோப்பைகளைச் சாக்கில் அடுக்கக் கூட நின்றேன். கடைசியாக என்னுடையதை நீட்டினேன். நூலை அறுக்க இதைவிடச் சரியான நேரம் இல்லை என்று நினைத்தேன்.

சாக்கைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "போறது நானுங்க, கிளாக்கரய்யா. நீங்க போகலையே. எதுக்குக் குடுக்குறீங்க?"

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான விடுதிகளின் பதிவேடுகளைப் பரிசோதித்திருக்கிறேன். கையொப்பங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பேன். உரிமையாளர்கள் என்னைக் கொஞ்சம் கழன்றவன் என்று பேசிக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளிடம், இந்தக் கோப்பை இன்னொருவர் பொறுப்பில் உள்ள பொருள், நூல் அறுபடாமல் அதைக் கழிக்க விதியில் இடமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.