பாதியில் எழுந்து வந்த படம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் எஸ்டேட் மக்களும் அவரது உழைப்பை நேரில் கண்டவர்கள். எனவே அவர் எங்களிடம் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி மட்டும், மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

அம்மா சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்தியில், எஸ்டேட் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். மணமாகி மஞ்சக்குட்டைக்கு வந்தபின் அப்பாவும் அவரும் ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். அப்பா மரமேறி மிளகு பறிப்பார். அம்மா காப்பிப் பழம் பறிப்பார்.

நானும் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோதே அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு ஞாயிறு பார்க்கப் போனபோது அவரே அம்மாவிடம், "புள்ளைங்க மொகமே வாடிக் கெடக்குது. ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

அன்றே அம்மா எங்களைச் சேலத்தில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். குடும்பப் படம். ஓர் அப்பாவும் மூன்று பிள்ளைகளும் பாட்டும் சிரிப்புமாக வாழும் கதை. இடைவேளைக்குப் பின் அந்த அப்பா நோயில் விழுந்தார். தம்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அம்மா உடனே எழுந்தார். "கெளம்புங்க, கடைசி பஸ் போயிரும்."

மலையேறும் பஸ்ஸில் தம்பி கேட்டான்: "அம்மா, அந்த அப்பா பொழைச்சாருங்களா?"

"பொழைச்சுட்டாரு சாமி. ஊட்டுக்கு வந்து, புள்ளைங்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெச்சாரு."

அம்மாவும் எங்களோடு பாதியில் எழுந்து வந்தவர்தானே என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பருவத்துப் பழம் பறித்து முடியும் முன்பே அப்பா காலமானார். காரியம் முடிந்ததும் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார். தம்பி ஜீப் ஓட்டுகிறான். அந்த ஆண்டுகளில் எங்கள் முன்னால் அவர் ஒருநாளும் அழுததில்லை.

கடைசி நாட்களில் அவர் தம்பி வீட்டில் படுக்கையில் இருந்தார். ஒரு பிற்பகல் அதே படம் டிவியில் வந்தது. நாங்கள் மூவரும் பார்த்தோம். அந்த அப்பா நோயில் விழும் இடம் வந்ததும் நான் எழுந்தேன்.

"நிறுத்திடட்டுங்களா அம்மா?"

"ஓடட்டும் கண்ணு. அவரு செத்துப்போயிருவாரு. எனக்கு அப்பவே தெரியும். என்கூடப் பழம் பறிக்கறவ கதையச் சொல்லியிருந்தா. பாதி வரைக்கும் சிரிப்பா இருக்கும்னா, அதான் கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப அந்தக் கடைசி பஸ்ஸுங்க?"

"அதுக்கப்புறமும் ஒரு பஸ் இருந்துச்சு."

தம்பி சிரித்துவிட்டான். "எனக்கும் தெரியுமுங்கம்மா. ஜீப்பு ஓட்டப் பழகறப்பவே டிவில முழுசாப் பார்த்துட்டேன்."

"ஏஞ்சாமி என்கிட்டச் சொல்லல?"

"நீங்க சொன்ன கதையே நல்லா இருந்துச்சுங்க."

படத்தை இறுதிவரை பார்த்தோம். முடிந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நொம்ப நல்ல மனுசன், கண்ணு" என்றார். அன்று பொழுது சாயும்வரை அப்பாவைப் பற்றியே பேசினார். அவ்வளவு உயர மரமெல்லாம் ஏறியவர், அட்டைப்பூச்சியைக் கண்டால் அலறுவாராம். எங்களுக்கு அது புதிய செய்தி. அப்பாவின் பேச்சை அதுவரை நாங்களும் எடுத்ததில்லை. அம்மா வருந்துவார் என்று நினைத்தோம்.

அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய தம்பி மனைவிக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த நர்சம்மாவுக்கும், மலைப்பாதையில் மண் சரிந்திருந்த அன்று குப்பனூர் வழியாகச் சுற்றி அவரைச் சேலத்துக்குக் கொண்டுசென்ற ஜீப் நண்பர்களுக்கும், துக்கத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த எஸ்டேட் பெண்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உரியது.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை, தம்பியின் சின்ன மகள், "ஆயா எப்பங்க ஊட்டுக்கு வருவாங்க?" என்று அவனைக் கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனி வர மாட்டாங்க கண்ணு" என்றான். அவள் அழுதாள். அவனும் அவளோடு சேர்ந்து அழுதான்.