முனவ்வரா வரி போட்ட யுத்த தாங்கி

வரக்காமுறை முனவ்வராவைக் கள்ளி என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதுவும் மாத்தளை டவுனில், ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால். அந்தச் சொல்லை அப்படியே சொல்லவில்லை, சரி. கடையில் வாங்கி ஒட்டியதைத் தன் கைவேலை என்று கொண்டுவந்திருக்கிறாள் என்றார்கள். அதற்கு வேறு என்ன பெயர்?

அவள் யாரென்று முதலில் சொல்ல வேண்டும். வரக்காமுறைப் பக்கம் கல்யாண வீடென்றால் மருதோன்றி போட முனவ்வராவைத்தான் கூப்பிடுவார்கள். கலேவெல, நாவுல என்று பஸ் ஏறிப் போவாள். பதினாறு வயதில் மருதோன்றிக் கோனைப் பிடித்த கை, இப்போது இருபத்திரண்டு வருஷமாகிறது. மணப்பெண் தும்மினாலும் அவள் இழுக்கிற கோடு வளையாது.

அவளுடைய அண்ணன், அவள் நானா என்று கூப்பிடுகிற றிஸ்வானுக்குக் கட்டாரில் வேலை. லீவில் வரும்போது பெட்டி பெட்டியாக யுத்த தாங்கி கொண்டுவருவார். பீரங்கி வைத்த சண்டை வண்டிதான், ஆனால் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி. துண்டு துண்டாக வரும், ஒட்டிப் பொருத்தினால் ஒரு சாண் நீளம். போன தடவை கொண்டுவந்த தாங்கிக்கு உடம்பெல்லாம் வரி வரியாகப் பூச்சு வர வேண்டுமாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில், காந்தக் குண்டு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று ஜெர்மன்காரர்கள் தாங்கியின் இரும்புக்கு மேல் சாந்து மாதிரி ஒன்றைப் பூசி, சீப்பால் இழுத்ததுபோல வரி விட்டிருந்தார்களாம். ஒரு சாண் தாங்கியில் அந்த வரி நூல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. றிஸ்வான் பசை பூசி, மூன்று நாள் பல்குத்தியால் கீறினார். முனவ்வரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“நானா, இஞ்ச தாங்க அத. கோழி கிண்டின மாதிரி ஈக்கி.”

“இது பொண்ணுட கை இல்ல முனவ்வரா, டாங்கி.”

“நல்லதாப் போச்சு. தும்மாது, அழாது, போன் பார்க்காது.”

கராஜில் வாகனத்து நெளிவை அடைக்கிற புட்டிப் பசையை எடுத்தாள். தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தாள். மருதோன்றிக் கோனில் அடைத்து இழுத்தாள். முதல் தடவை வழிந்தது. அடுத்த தடவை கோனுக்குள்ளேயே கல்லாகிப் போனது. எத்தனை தடவை கொட்டினாளோ, கடைசியில் வரி நின்றது. அது இறுகுமுன் ஈரக் கத்தி முனையால் வரிக்கு மேல் மெல்லத் தட்டினால், கரண்டியால் பூசிய சாந்தேதான். சண்டையில் பூச்சு பெயர்ந்த தாங்கிகளைப் போனில் படம் பார்த்து, சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் பெயர்த்தும் விட்டாள், உள்ளே சிவப்புப் பெயின்ட் தெரிகிற மாதிரி.

றிஸ்வான் திரும்பிப் போன பிறகும் அவள் விடவில்லை. தனக்கென்று ஒரு தாங்கியை எடுத்து ஆறு வாரம் உட்கார்ந்தாள். மாதிரி வாகனம் செய்கிறவர்கள் டவுனில் கண்காட்சி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவளுடைய புருஷன் பஸ்லிதான் பெயர் கொடுத்தார். கேக் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

கையால் பூசியவற்றுக்கு அங்கே தனி மேசை. ஏழு தாங்கி. ஆறு ஆண்களுடையவை. பார்த்துத் தரம் போட வந்தவர் தர்மலிங்கம், பென்ஷன் எடுத்த என்ஜினியர், யாழ்ப்பாணத்து ஆள். முப்பது வருஷம் மாத்தளையில் இருந்தவர். அவர் முனவ்வராவின் தாங்கிக்கு மேல் குனிந்தார், நிமிர்ந்தார்.

“உது ஒட்டிற ஷீட்டெல்லே? கையாலை போட்டால் ஓரிடத்திலையாவது பிசகும். இது மெஷின் அச்சு.”

பக்கத்தில் நின்ற சிங்கள ஆட்களுக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலும் சொன்னார். வாசல் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பிசகாதது குத்தமா சேர்?” என்றாள் முனவ்வரா.

கண்காட்சி வைத்த சங்கத்தின் செயலாளர் பஸீர் ஓடி வந்தார். “கோவப்படாதீங்க தங்கச்சி. பின்பக்கம் பிளேடால கொஞ்சம் சுரண்டிப் பார்ப்பம். ஷீட்டுன்னா தோல் மாதிரி உரியும். புட்டின்னா தூளாக் கொட்டும்.”

“சுரண்டுங்க. ஏழையும் சுரண்டுங்க.”

அந்த ஆறு ஆண்களும் தங்கள் தங்கள் தாங்கிக்கு மேல் கையை விரித்ததைப் பார்க்க வேண்டும்! பிள்ளையைப் பறிக்க வந்ததுபோல.

“அவங்கட வேல நமக்குத் தெரியும் தானே. வருஷா வருஷம் வாராங்க,” என்றார் பஸீர்.

“என்ட வேலயும் தெரியும். ஒங்கட பொஞ்சாதிட கையிலயும் போட்டிருக்கேன். வீட்டுல கேட்டுப் பாருங்க.”

சிரிப்புக் கிளம்பியது. பஸ்லி கேக் பெட்டியைத் திறந்தார். “விடு முனவ்வரா, ஊட்டுக்குப் போவம்.”

“இப்ப போனா ஷீட்டு ஒட்டினவளாத்தான் போகோணும். நீங்க வேணும்னா போங்க.”

வழியில் வரி உடைந்தால் சரிசெய்ய, கைப்பையில் புட்டி குழைத்து அடைத்த கோன் ஒன்றை, முனையை மூடி வைத்திருந்தாள். யாரோ சாப்பிட்டு வைத்த பார்சல் பெட்டியின் மூடியைத் துடைத்தாள். நின்ற நிலையிலேயே இழுக்கத் தொடங்கினாள். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து வரி, இருபது வரி. மேலே தட்டி, தாங்கியை மேசையிலிருந்து எடுத்து, மூடியை அதற்குப் பக்கத்தில் பிடித்தாள். தர்மலிங்கம் பூதக்கண்ணாடியை இங்கே வைத்தார், அங்கே வைத்தார், மறுபடி இங்கே. அப்புறம் கிட்ட வந்து, தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

“மன்னிக்கோணும் பிள்ளை. அவசரப்பட்டிட்டன். மேசையிலை வையுங்கோ.”

பஸ்லிக்கு அது போதும். பஸீருக்கும் போதும். முனவ்வரா தாங்கியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“சேர் ஷீட்டுன்னு சொன்னது வாசல்ல நின்டவங்களுக்கும் கேட்டிச்சு. இது எனக்கு மட்டும்தானே கேட்டிச்சு?”

எத்தனையோ பேர் சேர் என்று எழுந்து நின்று மரியாதை கொடுத்த மனிதர் அவர். காது சிவந்து போனது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். ஆனால் திரும்பி நின்று சத்தமாகவே சொன்னார்.

“எல்லாரும் கேளுங்கோ. இது ஷீட்டில்லை. முனவ்வரா கையாலை போட்ட வரி. நான்தான் பிழையாய்ச் சொன்னனான்.”

“சிங்களத்திலயும், சேர்.”

சிங்களத்திலும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் தாங்கியை மேசையில் வைத்தாள்.