காட்டுவதற்கு வைத்த அரிசி

"ரேஷன் அரிசியை வாங்கி வித்துடறாங்க சார். இவங்களுக்கு எதுக்கு ரேஷன்?"

என் ஆபீசில் உட்கார்ந்து, என் காசில் வந்த காபியைக் குடித்துக்கொண்டே ஒருவர் இப்படிச் சொன்னார். பெரிய படிப்புப் படித்தவர். காபியைக் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தேன். அந்த மரியாதை எனக்குத் தெரியும். குடித்ததும் எழுந்து போகச் சொன்னேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று கடத்தூர் பக்கம் போர் போட லாரி வேண்டுமென்றால் முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். இண்டூரிலிருந்து பொம்மிடி வரை நான் தண்ணீர் காட்டாத காடு குறைவு. கடப்பாரையோடு கிணற்றுக்குள் இறங்கி, என் கையை நம்பி மேலே ஏறி வந்தவன். பழைய கஷ்டத்தையெல்லாம் பெருமையாகவே சொல்லுவேன். அந்த அரிசிப் பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

எழுபதுகளின் நடுவில் மழை எங்களை மொத்தமாகக் கைவிட்டது. காட்டில் புல்லும் இல்லை. என் அக்கா புருஷனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள். நான் கிணறு வெட்ட, அவள் மேலே நின்று கல் சுமப்பாள். அந்தக் கூலி போக அவளுக்கு இருந்த ஒரே பிடி ரேஷன் கார்டு. அது இருந்தால் அடுப்பு எரியும், போனால் எரியாது. அவ்வளவுதான் விஷயம்.

ரேஷனில் கொடுத்தது அரிசி. நாங்கள் தின்றது கேழ்வரகு. அரிசிச் சோறு எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காப் பண்டிகைக்கும்தான். என்ன வேண்டும் என்று எங்களை யார் கேட்டார்கள்? சோறு தின்றுவிட்டுக் கல் தூக்கினால் வெயில் ஏறுவதற்குள் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். களி தின்றவன் பொழுது சாயும் வரை தாங்குவான். அதுவும் ஒரு படி அரிசியைக் கொடுத்தால் இரண்டு படிக்குக் கொஞ்சம் குறையக் கேழ்வரகு வரும். ஊரில் கிணற்றுப் பாசனம் இருந்த பெரிய வீட்டில் கேழ்வரகு மூட்டையாகக் கிடந்தது. விருந்தாளி வந்தால் போட அவர்களிடம் அரிசி இல்லை. ஆகவே ரேஷன் போட்ட மறுநாள் ஏழை வீட்டுப் பெண்களெல்லாம் முறத்தில் அரிசியோடு அந்த வீட்டுப் புறக்கடையில் நிற்பார்கள். இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள் செய்த காரியம் இது.

ஒருநாள் பெரிய வீட்டம்மாவே ஆள் விட்டு அக்காவைக் கூப்பிட்டாள். "அரிசி வாங்கிட்டியா? நாளைக்கி ஆபீசருங்க வர்றாங்க. இருக்கறத அப்பிடியே கொண்டாந்து போட்டுட்டு ராகி அள்ளிக்க." அக்கா ஒரு மணி மிச்சம் வைக்காமல் கொண்டுபோய்க் கொட்டினாள்.

வந்தவர் கார்டு சோதிக்கிற சப்ளை இன்ஸ்பெக்டர். பெரிய வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, அந்த வீட்டுக்காரரும் தலையாரியும் கூட வர, நேராக எங்கள் தெருவுக்கு வந்தார். நான் கிணற்றிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். தலையெல்லாம் கல்தூள்.

அக்கா வீட்டுப் பானைகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்.

"அரிசி எங்கம்மா?"

"ராகிக்கு மாத்திட்டனுங்க சாமி."

"பசிக்கிறவ எவளாவது அரிசிய வெளிய குடுப்பாளா?"

"அரிசின்னா ஒரு வேளைங்க. ராகின்னா நாளெல்லாம் தாங்குமுங்க."

"அப்போ உனக்கு அரிசி தேவையில்ல. கார்டை எடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க இப்ப ஏப்பம் விட்டீங்களே, அது எங்க அக்கா கார்டு அரிசிங்க" என்றேன்.

பெரிய வீட்டுக்காரர் கத்தினார்: "டேய், எங்க வூட்ல எதுக்குடா ரேஷன் அரிசி? கெணத்துல வுழுந்து மண்டை கிண்டை கொழம்பிடுச்சா?"

தலையாரி சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கார்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் எவனாவது அப்படி வந்து நின்றால் அதையேதான் சொல்லுவேன். பொய்யா சொன்னேன்?

ஆனால் அன்று அக்கா என் மேல் மண்ணை வாரி இறைத்தாள். "உன் வாய்க்கு நான் கல்லு தின்னணுமாடா? நீ ஆம்பள, பேசிட்டுப் போயிடுவ. புள்ளைங்களுக்கு என்னத்தக் கரைச்சு ஊத்தறது?"

கார்டு இல்லாத நாட்களில் களி உருண்டை சின்னதாகிக்கொண்டே வந்து, பிறகு கூழானது, பிறகு கூழும் தண்ணீரானது. என் கூலியை இரண்டு வீட்டுக்கும் பிரித்தும் போதவில்லை. கடைசியில் அக்கா என்னிடம் சொல்லாமல் பெரிய வீட்டம்மா காலில் போய் விழுந்தாள். மற்ற பெண்களும் பயந்து அரிசி மாற்றுவதை நிறுத்தியதால் அந்த வீட்டுக்கும் அரிசி வரத்து நின்று போயிருந்தது அல்லவா? வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னார். கார்டு வந்துவிட்டது. கூடவே ஒரு உத்தரவும் வந்தது. இன்ஸ்பெக்டர் எப்போது வந்து பானையைத் திறந்தாலும் உள்ளே அரிசி இருக்க வேண்டும்.

அக்கா ரேஷன் அரிசியில் ஒரு படியைப் பானையில் போட்டு மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மீதியைப் பழையபடி பெரிய வீட்டில் மாற்றினாள். பானை அரிசியைத் தொடவில்லை. பிள்ளைகளும் தொடக்கூடாது. கேழ்வரகு தீர்ந்து, மாதக் கடைசியில் கீரையை மட்டும் வேக வைத்துக் குடித்த நாட்களிலும் அந்த அரிசி அங்கேயே இருந்தது. வண்டு பிடித்தால் முறத்தில் கொட்டி வெயிலில் காயவைப்பாள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கோழி விரட்டும்.

ஒருநாள் நான் போனபோது சின்னவள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். "கஞ்சி வெச்சுக் குடுக்கா" என்றேன்.

"அவரு வந்தா?"

"எங்க வர்றாரு? அந்தாளு இந்தப் பக்கம் தலை காட்டியே எத்தனை மாசமாச்சு?"

"வந்தா, நீ கார்டு குடுப்பியாடா?"

வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டி வைத்திருந்த கேழ்வரகு மாவில் கொஞ்சம் வாங்கி வந்து கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வரவேயில்லை. அரிசி புழுத்து, கட்டி கட்டியாகி, இனி மாட்டுக்கும் ஆகாது என்றான பிறகு அக்கா அதைக் கோழிக்குப் போட்டாள். பானையைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, அந்த மாதம் வாங்கிய அரிசியில் இன்னொரு படியை அளந்து கொட்டி மூடினாள்.